இட்லிக்கு டோக்கன், தட்டில் உப்புமா

(பழைய மாணவர் சங்கக் கூடுகை நாளன்று பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் 1980–84 மின்னியல் பிரிவைச் சேர்ந்தவர்.)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாயசமும் பேச்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் மைக்குக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது சொல்லுடா, ஆனா சிவில்காரனுக்கும் புரியணும்" என்று செயலாளர் உத்தரவு. சிவில்காரனுக்கும் புரிய வேண்டுமென்றால் ஹாஸ்டல் மெஸ்ஸில்தான் தொடங்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு முதல் நாளே டோக்கன் வாங்கி வைக்கிற வழக்கம் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஞாயிறு டோக்கனைக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள், தட்டில் உப்புமா விழுந்தது. போர்டில் "இட்லி" என்றே எழுதியிருந்தது. மெக்கானிக்கல் பையன் ஒருத்தன் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "உப்புமா நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கேட்டது இது இல்லையே" என்றான். அந்த மாத மெஸ் செகரட்டரிக்குக் கோபம். "முந்நூறு பேருக்கு மாவாட்டற கஷ்டம் உனக்குத் தெரியுமாடா? பசிக்குச் சோறு, எதுவா இருந்தா என்ன?" இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு யாருக்கும் அது விளங்கவில்லை. அடிதடிவரை போயிற்று. அந்த மெஸ் செகரட்டரி என் அறைத்தோழன்தான். இதோ நாலாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருவில் உள்ள படிப்பகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். மொத்தம் 8 இயந்திரங்கள். எல்லாம் அலுவலகங்கள் கழித்துக்கட்டியவை, 4 ஜி.பி. மெமரி. அரசுத் தேர்வுகளுக்குப் படிக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். இந்த வயசான இயந்திரங்களில் ஓட்டுவதற்கு லினக்ஸை விட்டால் வேறு கதி இல்லை.

லினக்ஸ் என்பது 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அஸ்திவாரத்தில் யாரும் குடியிருக்க முடியாது. (சிவில் நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், நன்றி.) அதன்மேல் சுவர், கதவு, ஜன்னல், அடுப்பு எல்லாவற்றையும் திரட்டி, பொருந்துகிறதா என்று பார்த்து, குடியேறத் தயாராக நம் கையில் சாவி கொடுப்பவர்களுக்கு டிஸ்ட்ரிப்யூஷன் என்று பெயர், சுருக்கமாக டிஸ்ட்ரோ. இதில் மூத்தவற்றுள் ஒன்று டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியது. தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து அப்படி வைத்தார். முதலாளி கிடையாது, உலகம் முழுக்க உள்ள தொண்டர்கள் ஓட்டுப் போட்டு நடத்துகிறார்கள். அந்த டெபியனை அடிப்படையாக வைத்து 2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. அதை நடத்துவது கேனானிக்கல் என்ற நிறுவனம். அதைத் தொடங்கியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 2002-ல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய்வந்த மார்க் ஷட்டில்வொர்த்.

உபுண்டுவின்மேல் எனக்கு இருந்தது சாதாரண மரியாதை இல்லை. அப்போதெல்லாம் கேட்டால் போதும், தபால் செலவுகூட வாங்காமல் சி.டி.யை வீட்டுக்கே அனுப்புவார்கள். 2011-ல்தான் அந்தத் திட்டம் நின்றது. வெளிநாட்டு முத்திரையோடு அந்த உறை வந்த அன்றைக்கு எங்கள் தெருத் தபால்காரர், "சார், ஃபாரின்லேர்ந்து பணமா?" என்று கேட்டார். பணத்தைவிடப் பெரிசு என்றேன். அதைப் பிரதி எடுத்து எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன்! பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அதில்தான் இருந்தேன். அதைவிட்டு 2024-ல் வெளியே வந்தேன்.

ஏன் என்று சொல்வதற்குமுன் பேக்கேஜ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு புரோகிராம் வேண்டுமென்றால் 'ஆப்ட்' என்ற கட்டளையைக் கொடுத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். அது கிடங்குக்குப் போய் 'டெப்' என்ற பொட்டலத்தைக் கொண்டு வந்து பிரித்து வைக்கும். புரோகிராமுக்கு வேண்டிய துணைச் சாமான்களை (லைப்ரரி என்பார்கள்) எல்லாப் புரோகிராம்களும் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே ஆட்டுரல் மாதிரி. இடம் மிச்சம். ஆனால் ஒருத்தருக்காக ஆட்டுரலை மாற்றினால் எல்லோர் வீட்டு மாவும் மாறும் என்கிற தொல்லையும் உண்டு.

ஸ்னாப் என்பது கட்டுச்சோறு. தன் இலை, தன் பாத்திரம், தன் தண்ணீர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வரும். எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிடலாம். 2016 ஏப்ரலில் வந்த உபுண்டு 16.04-லிருந்து இது வழக்கத்துக்கு வந்தது. சுருக்கிக் கட்டிய ஒரே ஃபைல்; அதைத் தனி டிஸ்க் மாதிரி மாட்டி ஓட்டுவார்கள். டிஸ்க் பட்டியலைக் கேட்டால் கல்யாண மண்டபத்துச் செருப்பு வரிசை மாதிரி நீளமாக வருவது அதனால்தான். ஒவ்வொரு புரோகிராமும் தன் அறைக்குள் பூட்டப்பட்டு இருக்கும்; அடுத்த அறையை எட்டிப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்புக்கு இது நல்லதுதான். இடம் கூடுதலாகப் பிடிக்கும், முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும் என்பது மறுபக்கம். 22.04-ல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் திறக்க ஆகும் நேரத்தைப் பற்றி ஊரே பேசியது. அந்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, பல மாதங்கள் அதன்மேல் வேலை செய்து வேகத்தைக் கூட்டியது. ஆகவே அந்தக் குறையைப் பிடித்துத் தொங்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் படிப்பகத்துக்கும் அதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

என் மனசில் தைத்தது வேறு. 2019 அக்டோபரில் வந்த 19.10-ல் க்ரோமியம் ப்ரவுசரின் டெப் பொட்டலம் வெறும் கூடாக மாறியது. அதாவது நீங்கள் ஆப்ட்டிடம் க்ரோமியம் கேட்டால், அது டெப் பொட்டலத்தை இறக்குவதுபோல இறக்கும். உள்ளே புரோகிராம் இருக்காது. அந்தக் கூடு ஸ்னாப் கிடங்குக்குப் போய் ஸ்னாப்பைக் கொண்டு வந்து வைத்துவிடும். 2022 ஏப்ரலில் வந்த 22.04-ல் ஃபயர்பாக்ஸுக்கும் அதேதான். 2024 ஏப்ரலில் 24.04 வந்தபோது தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமும் அதே வழியில் போனது. எதுவும் திருட்டுத்தனமாக நடக்கவில்லை. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனால் அறிவிப்புப் பலகையைப் படிக்கிறவன் நூற்றில் எத்தனை பேர்? மற்றவனெல்லாம் டோக்கனைத்தானே நீட்டுகிறான்!

நாம் படித்த காலத்தில் பஞ்ச் கார்டுக் கட்டை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு மறுநாள் போய் நிற்போம். ஒரு கார்டு புரண்டிருந்தால் அந்த இயந்திரம் காறித் துப்பும். ஆனால் நான் கொடுத்த கட்டைத்தான் ஓட்டும். அடுத்தவன் கட்டை எடுத்து ஓட்டிவிட்டு, "உன்னுது முடிஞ்சுது, போ" என்று ஒருநாளும் சொன்னதில்லை. கட்டளை என்றால் கட்டளை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த இடம் இது. ஆப்ட் என்று தட்டினால் ஆப்ட் நடக்க வேண்டும். முடியாவிட்டால், "என்னிடம் இல்லை, ஸ்னாப்பாக இருக்கிறது, வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னும் இரண்டு சங்கதி சேர்ந்துகொண்டது. டெப் கிடங்கை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். நம் சங்கம்கூட நடத்தலாம். ஸ்னாப்புக்கு ஒரே கடைதான். நம் இயந்திரத்தில் ஓடுகிற பாகத்தின் மூல நிரல் திறந்திருக்கிறது. கடையை நடத்துகிற பாகம் மூடியிருக்கிறது. இரண்டாவது, ஸ்னாப் ஒரு நாளைக்கு 4 முறை தானாகவே புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளும். தள்ளிப் போடலாமே தவிர, அடியோடு நிறுத்த நேர்வழி பல வருஷம் இல்லை. 2022 நவம்பரில்தான் வேண்டுமென்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கிற வசதியை அறிவித்தார்கள். கொடுத்தார்களே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆறு வருஷம் கேட்ட பிறகு கொடுத்தார்கள் என்பதையும் கணக்கில் வைக்கிறேன்.

முதலில் சண்டை போட்டது உபுண்டுவின் மேலேயே கட்டப்படுகிற லினக்ஸ் மின்ட். 2020 ஜூனில் அதைத் தொடங்கிய கிளெமாங் லெஃபெவ்ர், ஆப்ட் மூலமாக ஸ்னாப் தானாக வந்து உட்காருவதை மின்ட் 20-ல் தடுக்கப்போவதாக அறிவித்தார். கவனியுங்கள், ஸ்னாப்பை ஒழிக்கவில்லை. வேண்டுகிறவன் தடையைத் தானே எடுத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். அதற்கான வழியையும் எழுதி வைத்தார்கள். பிறகு க்ரோமியத்தை அவர்களே கட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. இட்லி வேண்டுமென்று கொடி பிடித்தவன் தானே மாவாட்ட உட்கார்ந்த கதை. எனக்கு அந்தச் செய்கை மிகவும் பிடித்திருந்தது.

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி ஃபோனில் என் அறைத்தோழனிடம் பொரிந்து தள்ளினேன். அவன் முப்பது வருஷம் ஸாஃப்ட்வேர் கம்பெனிகளில் குப்பை கொட்டியவன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "உனக்கென்ன, ஓய்வா உக்காந்து கொள்கை பேசறே. க்ரோமியம் மாதிரி ஒரு ராட்சசனை ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாக் கட்டணும்டா. பழைய பதிப்புல பழைய கம்பைலர், பழைய லைப்ரரி. ஒரு ஓட்டையை அடைக்க வந்த அவசரத் திருத்தம், கட்டறவன் திணறிக்கிட்டு இருக்கறதால நாலு நாள் லேட்டானா, மாட்டிக்கறது உன் படிப்பகத்துப் பிள்ளைங்கதான். ஸ்னாப்புன்னா ஒரே தடவை கட்டு, எல்லாப் பதிப்புக்கும் போயிடும். ஃபயர்பாக்ஸை ஸ்னாப்பாக் கொடுக்கச் சொன்னதே மோஸில்லாக்காரன்தான், தெரியுமா?"

தெரியும். அதெல்லாம் உண்மை. மோஸில்லாவே 2024 ஜனவரியிலிருந்து ஃபயர்பாக்ஸை டெப்பாகத் தன் சொந்தக் கிடங்கில் கொடுப்பதையும் அவனே சொல்லிவிட்டு, "அதை எடுத்துப் போட்டுக்கிட்டு சும்மா இரு. ஒரு ப்ரவுசருக்காக எவனாவது வீட்டையே காலி பண்ணுவானா?" என்றான். அதையும் யோசித்துப் பார்த்தேன். அப்படிப் போட்டால், எந்தக் கிடங்கிலிருந்து வந்தது முந்தும் என்று ஒரு விதி எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய பதிப்பு மாற்றத்தின்போதும் அந்த விதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து எந்தப் புரோகிராம் கூடாகிறது என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் வீட்டு வாசலில் நானே வாட்ச்மேனாக நிற்க எனக்கு வயசாகிவிட்டது. "வீட்டையே காலி பண்றேன்" என்றேன். "உப்புமாவைக் கொட்டினவன் பரம்பரைடா நீ" என்றான்.

டெபியனுக்குப் போவதென்று முடிவு செய்தேன். முன்னால் ஒருதரம் முயன்று திரும்பியிருக்கிறேன். வை-ஃபை சில்லுக்கு வேண்டிய ஃபர்ம்வேர், தூய கொள்கைப்படி இன்ஸ்டாலரில் இருக்காது. தேடிப் போய்த் தனியாகக் கொண்டுவர வேண்டும். நெட் வேண்டுமென்றால் ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வேண்டுமென்றால் நெட் வேண்டும்! 2022-ல் அவர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லிருந்து அதை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள். இன்னொரு செய்தி: சென்னை ஸி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் டெபியனிலிருந்து வந்ததுதான். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் போட்டுக் கொடுத்தார்கள். ஆக நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெயர் தெரியாமலே டெபியனின் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

2024 ஜூனில் என் சொந்த லேப்டாப்பில்தான் முதலில் சோதித்தேன். இங்கே ஒரு அசட்டுத்தனம் செய்தேன். பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. ஃபயர்பாக்ஸின் புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் வீட்டு டைரக்டரியில் 'மோஸில்லா' என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும் என்பது இருபது வருஷப் பழக்கம். அதைப் பத்திரமாக நகலெடுத்தேன். பக்கத்தில் 'ஸ்னாப்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. நான்தான் ஸ்னாப்பை விட்டுப் போகிறேனே, இது எதற்கு என்று விட்டுவிட்டேன். டிஸ்க்கை அழித்து டெபியனைப் போட்டு, நகலைத் திரும்ப வைத்துத் திறந்தால், 2022-ல் இருந்த ஃபயர்பாக்ஸ் அப்படியே வந்து நிற்கிறது! நான் 22.04-க்கு மாறியபோதே ஃபயர்பாக்ஸ் தன் சரக்கையெல்லாம் அந்த ஸ்னாப் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கிறது. பழைய ஃபோல்டர் தொடப்படாமல் அன்றைய நிலையிலேயே உறைந்து கிடந்திருக்கிறது. இரண்டு வருஷம் சேர்த்தது போச்சு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. எழுதித்தான் வைத்திருந்தார்கள், நான் படிக்கவில்லை. அதில் என் மனைவி சேர்த்து வைத்திருந்த சமையல் பக்கங்களும் இருந்தன. மூன்று நாள் வீட்டில் என்னோடு பேசியது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

இனி படிப்பகம். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் உட்கார்ந்து, ஞாயிறு நள்ளிரவுக்குள் 7 இயந்திரங்களை டெபியனுக்கு மாற்றினேன். (எட்டாவது, பொறுப்பாளர் அம்மாவுடையது. "என்னுதுல கை வைக்காதீங்க சார்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.) இந்தத் தடவை ஸ்னாப் ஃபோல்டர் உள்பட எல்லாவற்றையும் நகலெடுத்தேன். ஒரு தாள் பி.டி.எஃப்.கூடத் தொலையவில்லை. தமிழ் தட்டச்சுக்கு எம்17என் போட்டு, அரசு 1999-ல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையை வைத்தேன். அதுதானே முறை! ஃபயர்பாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு டெப்பாகவே ஜம்மென்று உட்கார்ந்தது. மேசைத் தோற்றத்தையும் இலகுவான ஒன்றாக மாற்றினேன். ராத்திரி சாவியைக் கொடுத்துவிட்டு வரும்போது கோயில் கும்பாபிஷேகம் முடித்த திருப்தி.

திங்கட்கிழமை காலை போனேன். மூன்றாவது இயந்திரத்தில் வழக்கமாக உட்கார்கிற பெண், குரூப் தேர்வுக்குப் படிப்பவள், கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் அடித்துப் பழகியவள். அம்மா என்று அடித்தால் வேறு என்னவோ வந்திருக்கிறது. இடது பக்கம் இருந்த ஐகான்கள் எல்லாம் கீழே போயிருந்தன.

"சார், நேத்து யாராவது வந்து கெடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா, நான்தான் மாத்தினேன். இது இன்னும் நல்லது. ரெண்டு நாள்ல பழகிடும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குப் பரீட்சை."

நண்பர்களே, அந்தப் பெண் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னும் நல்லது, பழகிடும், எல்லாம் உங்க நன்மைக்குத்தான் என்று நாக்கு நுனியில் இன்னும் நாலு வாக்கியம் வரிசையாக நின்றன. உப்புமாவும் நல்லாத்தானே இருக்கு என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு அர்த்தம் இல்லை. அத்தனையும் உண்மையும்கூட. பழைய ஏற்பாட்டைவிட அந்த இயந்திரம் வேகமாகத்தான் ஓடியது. நான் பேசாமல் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு முதல் வேலையாக எல்லா இயந்திரங்களிலும் ஒலிபெயர்ப்பு முறையையும் சேர்த்து வைத்தேன். தமிழ்99 வேண்டுமா, அது வேண்டுமா என்று ஒரு விசையில் மாற்றிக்கொள்ளலாம். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி மேஜையில் வைத்தேன். என்ன மாற்றப்போகிறேன், ஏன், எந்தத் தேதியில் என்று எழுதுவேன். வருகிறவர்கள் வேண்டும், வேண்டாம் என்று எழுதலாம். முதல் வாரமே வந்தது: பெரும்பாலோருக்கு எதுவானாலும் சரி. ஒரு பையன், "ப்ரவுசர் எது ஆனாலும் சரி, ஃபேன் சத்தம் போடுது, அதை முதல்ல பாருங்க சார்" என்று எழுதியிருந்தான். இரண்டு பேர் பழையதே வேண்டும் என்றார்கள்.

அந்த மூன்றாவது இயந்திரத்தில் மறுபடி உபுண்டு 22.04-ஐப் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் எனக்கு எத்தனை முறை கை துறுதுறுத்தது என்பது எனக்குத்தான் தெரியும். ஸ்னாப்பை எடுத்துவிட்டு மோஸில்லாவின் டெப்பை வைத்துவிட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது? வைக்கவில்லை. ஃபயர்பாக்ஸ் அதில் ஸ்னாப்பாகத்தான் இருக்கிறது. அவள் கேட்டது அது. மற்ற 6-ஐயும் நோட்டில் எழுதி, ஒரு மாதம் விட்டு, 2025 நவம்பரில் டெபியன் 13-க்கு ஏற்றினேன். யாரும் எதுவும் எழுதவில்லை. ஃபேன் பையன் மட்டும் "நன்றி" என்று எழுதினான், ஃபேனுக்காக.

22.04-க்கு வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரல் வரை இருக்கிறது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். இதை இங்கே பேசப்போகிறேன் என்று அவளிடம் அனுமதி கேட்டேன். "பேர் மட்டும் சொல்லாதீங்க சார்" என்றாள். சொல்லவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பின்னால் டீ வந்துவிட்டது போலிருக்கிறது. காலையில் பதிவு செய்தபோது டீயோடு போண்டா என்று டோக்கனில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இந்த வருஷச் சிற்றுண்டிக்குப் பொறுப்பு யார் என்று விசாரித்தேன். நாலாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தானாம்.